அச்சின் பிழையும் அடிபட்ட வடுவும்

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாள் மாலை. முன்னொரு காலத்தில் என்னிடம் சரித்திரம் படித்த ஒருவரின் மகன், இப்பொழுது உயர்தர வகுப்பிற் படிப்பவன், எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கையிலே பனையோலையால் இழைத்த பழைய கொட்டைப்பெட்டி ஒன்று. அதனுள்ளிருந்து பஞ்சிற் பொதிந்த ஒரு வெள்ளிக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

“ஐயா, இது அடிக்கேக்கையே பிழைச்சுப்போன காசு. இப்பிடியான காசுகளுக்கு நல்ல விலையாம். நீங்கள் பாத்து, உண்மையான பிழைதான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தந்தியள் எண்டால், கொழும்பிலை வாங்க ஆள் இருக்கு” என்றான்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருபுறம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூடிய தலை, மறுபுறம் தாளிப்பனை. 1925ஆம் ஆண்டில் இலங்கைக்கென அடிக்கப்பட்ட ஐம்பது சதம். ஆனால் உரிய அளவிலும் அது சிறுத்திருந்தது. விளிம்பு இருமடங்கு தடித்து, உட்புறமாக வழிந்து, சுற்றியிருந்த எழுத்துக்களைப் பாதி விழுங்கியிருந்தது. வரி வரியாக இருக்கவேண்டிய ஓரமோ வழுவழுப்பாக இருந்தது. பழக்கமில்லாத கண்ணுக்கு அஃது யந்திரம் தவறி ஈன்ற பிள்ளை என்றே தோன்றும்.

பையன் ஆசையைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் கிடைத்தால் ஒரு மடிக்கணினி வாங்கவேண்டும், தகப்பன் ஏற்கெனவே பட்ட கடனுக்கு மேல் இன்னொரு கடன் படக்கூடாது, அவ்வளவுதான். நான் எழுதும் நாலு வரியில் அது தங்கியிருக்கிறது என்று அவன் நம்பினான். நான் அன்று மறுமொழி சொல்லவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டேன்.

தவணை கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு காசின் தலைவிதியை அவசரத்தில் முடிவு செய்து ஒருமுறை நான் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த பாடசாலையிலே கணிதம் படிப்பித்த நண்பர் ஒருவர், 1942ஆம் ஆண்டின் வெண்கல ஒரு சதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதன் ஓரத்தில் மூன்றாம் பிறையளவு துண்டு ஒன்று குறைந்திருந்தது. ஆசிரியர் அறையிற் பலர் பார்த்திருக்க, “யாரோ கத்தரியால் வெட்டிய காசு, எதிர்ப்பக்க விளிம்பும் தேய்ந்துபோய்விட்டது, செல்லாக் காசு” என்று தீர்ப்புக் கூறினேன். நண்பர் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கோயில் உண்டியலிற் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னார். அந்தத் தீர்ப்பு முழுப் பிழை என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிந்தேன். எவ்வாறு பிழை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

எனவே இம்முறை பையனிடம் சொல்லவேண்டியவற்றை முதலில் என் மனத்திலேயே ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வண்ணக்கர் தொழில்

தமிழிலே ‘நாணயம்’ என்னும் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். இரண்டிற்கும் இடையில் நின்று, காசின் நேர்மையைச் சோதித்துச் சொன்னவர்களை நம் முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் வரிசையிலே வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் இருக்கிறார். காசு நோட்டம் பார்ப்பவர் கவிதையும் பாடியிருக்கிறார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் இன்றைக்கும் வண்ணக்கர் என்னும் பதவி உண்டு. கோயிலின் பொருளுக்குப் பொறுப்பானவர் அவர். காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்பது பழைய பெயர். அக்கசாலையின் பிழை எது, வெளியுலகம் செய்த காயம் எது என்று பிரித்தறிவது வண்ணக்கர் தொழிலின் இக்காலக் கிளை ஒன்று என்று சொல்லலாம்.

இப்பிரிவு ஏன் வேண்டும்? அக்கசாலையின் பிழை அரிது. காவலும் கணக்கும் உள்ள இடத்திலிருந்து தப்பிவந்தது. அக்காசு எவ்வாறு பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகையால் சேகரிப்போர் அதை விரும்புகின்றனர். காயம் பட்ட காசோ எங்கும் உண்டு. சுத்தியல் இருக்கும் வீட்டிலெல்லாம் உண்டாக்கலாம். முன்னையதற்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர், பின்னையதற்கு அதன் உலோக விலைக்கு மேல் ஒரு சதமும் கொடார். இரண்டும் மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் இடர்.

காசு பிறக்கும் விதம்

பிழையை அறிய விரும்புபவர் முதலில் பிழையில்லாத முறையை அறியவேண்டும். அக்கசாலையில் உலோகத்தை நீண்ட தகடாக உருட்டுவர். அத்தகட்டிலிருந்து வட்ட வில்லைகளைத் துளைத்தெடுப்பர். வில்லையைச் சூடாக்கி இளக்குவர். பின்பு அதன் ஓரத்தை நெருக்கி, விளிம்பு சற்று உயருமாறு செய்வர். இவ்வாறு பக்குவப்பட்ட வில்லை இரண்டு அச்சுக்களுக்கிடையே வைக்கப்படும். அச்சு என்பது உருவும் எழுத்தும் இடவலம் மாறிக் குழிவாக அமைந்த உருக்குத் துண்டு. வில்லையைச் சுற்றி ஓர் உருக்கு வளையம் இறுகப் பிடித்திருக்கும். மேலச்சு பெரும் பாரத்தோடு இறங்கும். ஒரு கணத்தில் உலோகம் குழிகளுக்குள் ஓடி மேடான உருவாகிறது. பக்கங்களில் விரிந்து வளையத்தை முட்டி ஓரவரிகளைப் பெறுகிறது. வில்லை காசாகிவிட்டது.

ஆகவே பிழை நேரக்கூடிய இடங்கள் மூன்றே: வில்லை, அச்சு, அடி. காசின் குறை எதுவாயினும் இந்த மூன்றில் ஒன்றிலே அதற்குக் காரணம் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் அது வெளியுலகம் செய்தது.

இதிலிருந்து ஓர் எளிய விதியும் பிறக்கிறது. அச்சின் அடியே அக்கசாலையில் உருவாகும் எல்லாவற்றுக்கும் முத்திரை வைக்கும் செயல். அந்த அடிக்கு முன் நேர்ந்த குறையை உருவும் எழுத்தும் அறிந்திருக்கும். அதற்கேற்ப வளைந்தும் மங்கியும் இருக்கும். அந்த அடிக்குப் பின் நேர்ந்த குறையை அவை அறியா. வெட்டுண்டும் நசுங்கியும் இடம்பெயர்ந்தும் கிடக்கும். எது முந்தியது, எது பிந்தியது? சரித்திர மாணவன் சாசனத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விதான். காசைப் பார்த்தும் அதையே கேட்கவேண்டும்.

முந்திய குறைகள்

முதலில் வில்லை. தகடு போதிய தூரம் நகராமல் நின்றுவிட்டால், துளைக்கும் கருவி முன்பு துளைத்த வட்டத்தின்மேல் ஏறிவிடும். அப்பொழுது பிறைபோற் குறைந்த வில்லை பிறக்கும். அக்குறை அச்சின் அடிக்கு முந்தியது. ஆதலின் அடிபடும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடுகிறது. அருகிலுள்ள எழுத்துக்கள் நீண்டு மங்குகின்றன. இன்னும் ஒன்று. விளிம்பை உயர்த்தும் யந்திரம் வில்லையை இருபுறமும் நெருக்கி உருட்டுகிறது. ஒருபுறம் பிறைவெளியாயிருந்தால் எதிர்ப்புறத்தில் நெருக்கம் விழாது. ஆகையாற் குறைக்கு நேர் எதிரே விளிம்பு தாழ்ந்தும் மங்கியும் இருக்கும். சேகரிப்போர் இதனைப் ‘பிளேக்ஸ்லி விளைவு’ என்பர். எல்லாப் பிறைக்காசிலும் இது தெளிவாகத் தோன்றாவிட்டாலும், தோன்றினால் வலிய சாட்சி. கத்தரியால் வெட்டிய காசிலோ எழுத்து வெட்டுவாயிற் கூர்மையாக முறிந்திருக்கும். எதிர்விளிம்பு குறையின்றி இருக்கும்.

என் நண்பரின் ஒரு சதத்துக்கு இப்போது வருகிறேன். “எதிர்ப்பக்க விளிம்பும் தேய்ந்துபோய்விட்டது” என்று நானே என் வாயாற் சொன்னேன் அல்லவா? கண் சரியாகக் கண்டது. அறிவு அதற்குப் பொருள் சொல்லத் தெரியாமல் நின்றது. உண்மைக்குச் சான்றானதையே பொய்க்குச் சான்றாக எடுத்துக் காட்டினேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வில்லையின் உலோகமே மாறிவிடுவதும் உண்டு. 1943ஆம் ஆண்டில், போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், அமெரிக்கா தன் ஒரு சதத்தை நாகம் பூசிய உருக்கில் அடித்தது. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில யந்திரங்களின் கொள்கலன்களிற் சிக்கிக் கிடந்து, 1943 என்னும் ஆண்டு பொறித்த வெண்கலக் காசுகளாயின. அவை மிகச் சில; விலையோ மிகப் பெரிது. அதனால் உருக்குக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவோரும், 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவோரும் தோன்றினர். முதல் மோசடியை ஒரு காந்தத் துண்டு வெளிப்படுத்தும்; வெண்கலம் காந்தத்திற் பற்றாது. இரண்டாவதை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டும். செதுக்கிய இடத்திற் கருவியின் தடம் இருக்கும்.

நம் நாட்டிலும் எச்சரிக்கை வேண்டும். 1942ஆம் ஆண்டின் சதுர ஐந்து சதம் தடிப்பானது; 1944ஆம் ஆண்டினது மெல்லியது. மெல்லியதைக் கண்டு பிழைக் காசு என மயங்குவோர் உண்டு. அது பிழையன்று, அவ்வாறே அடிக்கத் திட்டமிட்டு அடித்தது. 2005ஆம் ஆண்டு முதல் வந்த பித்தளை முலாம் பூசிய உருக்கு ஒரு ரூபாய், மண்ணிற் கிடந்தோ நெருப்பிற் பட்டோ முலாம் இழந்து வேறு நிறமாகத் தோன்றும். அதுவும் பிழையன்று.

அடுத்து அச்சு. அச்சிலே நேர்ந்த பிழையை அறிய ஒரு நல்ல வழி மேடும் பள்ளமும். அச்சிற் கீறல் விழுந்தால் அது பள்ளம். அதிலிருந்து பிறக்கும் காசில் அது மேடான கோடு. காசிற் கீறல் விழுந்தால் அது பள்ளம். பள்ளத்தின் இருகரையிலும் உலோகம் ஒதுங்கியிருக்கும். அச்சு வெடித்தால் காசில் மேடான நரம்பு ஓடும். ஆணியால் மேடான கோட்டைக் கீற எவராலும் இயலாது. எனினும் இவ்விதிக்கு விலக்கும் உண்டு. அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ எண்ணெய்க் கசடோ அகப்பட்டால் காசிற் பள்ளம் விழும். அது அக்கசாலையின் பிழையே. ஆனால் அப்பள்ளத்தின் கரையில் ஒதுங்கிய உலோகம் இராது.

1937ஆம் ஆண்டு டென்வர் நகர அக்கசாலையில் நடந்த கதை இதற்குப் பொருத்தமானது. காட்டெருமை பொறித்த ஐந்து சதத்தின் அச்சிற் படிந்த தடங்களை நீக்கத் தொழிலாளர் ஒருவர் அளவுக்கு மிஞ்சி உரைத்துவிட்டார். அச்சிலிருந்து எருமையின் முன்கால் ஒன்று மறைந்தது. மூன்று காலெருமைக் காசுகள் வெளிவந்தன. அவற்றுக்கு விலை ஏறியதும், நாலுகாற் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுக்கும் கூட்டமும் புறப்பட்டது. ஆனால் உண்மைக் காசில், எருமையின் வயிற்றின் கீழே நிலத்தை நோக்கி மேடான சிறு புள்ளிகள் வரிசையாக இறங்குகின்றன. காலைச் சுரண்டுபவனுக்கு உலோகத்தை எடுக்கத் தெரியும். மேட்டை உண்டாக்கத் தெரியாது.

1955ஆம் ஆண்டுப் பிலடெல்பியாவின் இரட்டை எழுத்து ஒரு சதம் இன்னும் புகழ்பெற்றது. அக்காலத்தில் ஓர் அச்சை உருவாக்க மூல உருவை அதன்மீது ஒருமுறைக்கு மேல் அழுத்தவேண்டும். இரண்டாம் முறை சற்றே திரும்பிய நிலையில் அழுத்தியதால், அச்சிலேயே ஆண்டும் எழுத்தும் இரட்டையாகிவிட்டன. பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. எல்லாவற்றையும் உருக்குவதிலும் பார்க்க வெளியே விடுவதே மேல் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர்.

இதைக் கேட்டவர்கள் எழுத்து இரட்டித்த எந்தக் காசையும் எடுத்து வந்து காட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வேறு. அடிபடும் கணத்தில் அச்சு தளர்ந்து அசைந்தால், எழுத்தின் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கிப் படிபோல ஆகும். அங்கே எழுத்து மெலியும். உண்மையான இரட்டையச்சில் எழுத்து தடிக்கும். இரண்டாவது எழுத்தும் முதலாவதைப் போலவே உருண்டு உயர்ந்திருக்கும். எழுத்து மூலைகளிற் பிளவு தெரியும். தளர்ச்சியால் வந்ததைச் சேகரிப்போர் பொருட்படுத்துவதில்லை.

அச்சுக்கள் மாறிச் சேர்வதும் உண்டு. 2008ஆம் ஆண்டு பிரித்தானியாவின் இருபது பென்சில், ஆண்டு எண்ணை ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றினர். பழைய முன்புற அச்சும் புதிய பின்புற அச்சும் தவறிச் சேர்ந்தபோது, ஆண்டே இல்லாத காசு பிறந்தது. அக்கசாலையே அதை ஒப்புக்கொண்டது. ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை வெளிவந்திருக்கலாம் என மதிப்பிட்டது. இருபுறமும் தலையுள்ள காசை யாரேனும் கொண்டுவந்தால் மட்டும் மிக எச்சரிக்கையாயிருங்கள். அது பெரும்பாலும் வித்தைக்காரன் காசு. ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைக் கடைந்து அதனுள் பொருத்தியிருப்பர். விளிம்பின் உட்கரையை உருப்பெருக்கியாற் பார்த்தால் மயிரிழை போன்ற பொருத்து வட்டமாக ஓடும்.

இனி அடி. வில்லை வளையத்தின் நடுவே சரியாக அமரவில்லையாயின் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். மறுபுறம் வெறும் உலோகம் பிறைபோலத் தெரியும். முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். இதைப் போலச் செய்ய எண்ணி இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் இறுக்குவோர் உண்டு. அதிலும் குழிந்த எழுத்து வரும். ஆனால் அதனடியிற் பழைய உருவம் நசுங்கிக் கிடப்பது தெரியும்.

பிந்திய காயங்கள்

காயங்களைப் பட்டியலிட்டு முடியாது. யாழ்தேவி வரும் நேரம் பார்த்துத் தண்டவாளத்திற் காசு வைத்த சிறுவர்களுள் நானும் ஒருவன். நெளிந்து நீண்ட அக்காசைக் கையில் எடுக்கும்போது அது சுடும். அதில் மன்னரின் முகம் முட்டையாக இழுபட்டிருக்கும். அமிலத்தில் இட்ட காசு மெலிந்து, சுற்றளவும் நிறையும் குறைந்து, எழுத்துக்களெல்லாம் ஒரே சீராகக் கரைந்திருக்கும். பழப்புளியும் சாம்பலும் கொண்டு பளபளக்கத் தேய்த்த செப்புக்காசு, சேகரிப்போர் கண்ணுக்குக் காயம் பட்ட காசே. அதன் இயல்பான மேற்றோல் போய்விட்டது, மீளாது. குழந்தையின் அரைஞாணில் கோப்பதற்காகத் துளையிட்ட காசுகளும், எரிந்த வீட்டின் சாம்பலிலிருந்து ஒன்றோடொன்று உருகி ஒட்டிய நிலையில் எடுத்த காசுகளும் நம்மிடையே உண்டு. விலைப்பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

ஆயினும் ஒரு காலத்துக்குரிய அளவுகோலை இன்னொரு காலத்தின்மேல் வைக்கலாகாது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசுகளைப் பாருங்கள். படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே ‘சேது’ என்னும் எழுத்தும் அவற்றின் அடையாளம். கொட்றிங்ரன் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைக் காசுகள் பற்றிய நூலை வைத்துக்கொண்டு அவற்றை ஒப்பிடப் புகுந்த நாட்களில் எனக்கு வியப்பாயிருந்தது. ஒன்றில் ‘சே’ மட்டும் இருக்கும். ஒன்றில் ‘து’ மட்டும் இருக்கும். ஒன்றில் நந்தியின் தலை வெளியே போயிருக்கும். அவை கையால் அடித்தவை. வில்லையைச் சுற்றி இறுக்கும் வளையம் அன்று இல்லை. அச்சுப் பரப்பு முழுவதும் வில்லையில் அடங்கவும் இல்லை. எனவே ஒதுங்கி அடிபட்டது அங்கே பிழையன்று, அதுவே வழக்கம். பிழை என்னும் சொல்லுக்கே ஒழுங்கு முன்னதாக வேண்டும். யந்திரத்தின் ஒழுங்கு வந்த பின்னரே அதிலிருந்து தவறியது அரும்பொருளாயிற்று.

பையனின் காசு

கிழமை முடிந்ததும் அவன் வந்தான். இருவருமாகக் காசைச் சோதித்தோம். அவனையே பார்க்கச் சொன்னேன்.

முதலில் நிறை. அருகிலுள்ள பத்தர் கடைத் தராசில் நிறுத்தோம். அக்காலத்து ஐம்பது சதம் ஏறத்தாழ 5.83 கிராம் இருக்கவேண்டும். தேய்மானம் கழிய நிறை ஒத்துவந்தது. “அப்ப உலோகம் எங்கையும் போகேல்லை” என்றான் பையன். ஆம்; சுற்றளவு குறைந்திருக்கிறது, நிறை குறையவில்லை. உலோகம் இழந்ததன்று, இடம்பெயர்ந்தது.

அடுத்து ஓரம். உருப்பெருக்கியை வைத்தவுடன், வழுவழுப்பு என்று தோன்றியது நூற்றுக்கணக்கான மிகச்சிறு தட்டல்களின் தொகுதி என்பது தெரிந்தது. ஓரிடத்திற் பழைய வரிகளின் மிச்சமும் நசுங்கிக் கிடந்தது. வரி பெற்ற பிறகே அது தட்டப்பட்டது.

கடைசியாக எழுத்து. வழிந்த விளிம்பின் கீழே சாய்வாக வெளிச்சத்தை விட்டோம். விளிம்பு மூடிய இடத்தில் எழுத்து மங்கவில்லை, வளையவில்லை, முழு எழுத்தும் கீழே படுத்திருக்க, அதன்மேல் விளிம்பு போர்வைபோலக் கவிழ்ந்திருந்தது. எழுத்தின்மேல் கவிழ்ந்தது எழுத்துக்குப் பிந்தியது. வில்லை, அச்சு, அடி மூன்றிலும் இதற்குக் காரணம் இல்லை.

“அப்ப ஆரோ அடிச்சிருக்கினம்” என்றான். குரல் தாழ்ந்துவிட்டது.

“ஓம் தம்பி. ஆனால் கோபத்தில் அடித்ததன்று. சுற்றிவரச் சீராக, ஆறுதலாக, பல நாள் அடித்தது” என்றேன்.

இத்தகைய காசுகளை நான் முன்பு படங்களிற் பார்த்திருந்தேன். போர்க்காலத்திற் கடற்படையினரும் சிப்பாய்களும் ஓய்வு நேரங்களில் வெள்ளிக் காசை நிறுத்திப் பிடித்து, அதன் ஓரத்தைக் கரண்டியின் முதுகால் ஓயாது தட்டுவர். ஓரம் மெல்ல மெல்ல அகன்று பட்டையாகும். பின்பு நடுவைத் துளைத்து எடுத்தால் அது ஒரு மோதிரம். காசின் எழுத்துக்கள் மோதிரத்தின் உட்புறத்தில் மறைந்து நிற்கும். பையனின் காசு அவ்வாறு தொடங்கி நடுவழியில் நின்ற ஒன்று என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியது சாட்சியாகாது. “உங்கடை வீட்டிலை திருகோணமலைப் பக்கம் வேலை செய்த ஆரும் இருந்தவையோ?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம்.

அவனுடைய அம்மம்மா எண்பதைக் கடந்தவர். காசைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, “இதை ஆர் எடுத்தது?” என்பதுதான். பிறகு சொன்னார். அவருடைய தகப்பனார், பையனுக்குப் பூட்டன், போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்திற் கூலிவேலை செய்தவர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானியர் அங்கே குண்டு போட்டதற்குப் பின்னர் போனவர் என்று வீட்டிற் சொல்வார்களாம். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் இவ்வித்தையைப் பார்த்துப் பழகினார். “அம்மாவுக்கு மோதிரம் அடிச்சுத் தாறன் எண்டு தொடங்கினவராம். நான் அப்ப தொட்டில் பிள்ளை. சண்டை முடிஞ்சு, வேலையும் நிண்டுபோச்சு. ஊருக்கு வந்தாப்போலை தோட்டமும் துரவும். பிறகு உதுக்கு எங்கை நேரம்? அம்மா அரைவாசி மோதிரம் எண்டு சொல்லி இதுக்குள்ளை வைச்சிருந்தவ.”

நான் கடிதம் எழுதினேன். நாலே வரி. 1925ஆம் ஆண்டின் ஐம்பது சதம், நிறை சரி, அக்கசாலையின் பிழை எதுவுமில்லை, மோதிரமாக்கும் பொருட்டுப் பிற்காலத்தில் ஓரம் தட்டப்பட்டது. கீழே கையொப்பமிட்டேன். அதைக் கொண்டு வெள்ளியின் விலைக்கு மேல் எதுவும் பெறமுடியாது என்பதையும் பையனுக்குச் சொன்னேன். வேறுவிதமாக எழுதியிருந்தால் கொழும்பிலுள்ளவர் ஒருவேளை வாங்கியிருப்பார். அவரை விடத் தெரிந்த ஒருவர் பின்னொரு நாள் அவருக்கு உண்மையைச் சொல்லியிருப்பார். அப்போது கெட்டுப்போவது என் பெயர் மட்டுமன்று. அப்பையனின் முதல் வியாபாரமும் பொய்யாயிருந்திருக்கும்.

அவன் கடிதத்தை இரண்டுமுறை படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். முகத்தில் ஏமாற்றம் இருந்தது; அதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. மடிக்கணினிக்கு வேறு வழிதான் பார்க்கவேண்டும். அம்மம்மா காசை அவன் கையிலிருந்து வாங்கி, சேலைத்தலைப்பால் ஒருமுறை துடைத்து, கொட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“விக்கிறதெண்டால் என்ரை காலத்துக்குப் பிறகு வித்துப்போடுங்கோ” என்றார்.

துடைக்கவேண்டாம், வெள்ளி தேயும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு நடந்துவரும் வழியில் என் நண்பரின் பிறைக்காசு நினைவுக்கு வந்தது. நண்பரும் இப்போது இல்லை. அது எந்த உண்டியலிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்றோ, எந்த உலையில் உருகிற்றோ, யாரறிவார்? என் கையில் வந்த இரண்டு காசுகளில் ஒன்றை நான் அறியாமையால் இழக்கச் செய்தேன். மற்றதில், அது என்னவோ அதை அவ்வாறே சொன்னேன்.